இருட்டுக்குள் இருந்த படிகள்



பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் ஓரியன் நெபுலாவைப் படம்பிடித்துக் கொண்டுவந்தான். ஒரு மலிவான மென்பொருளில் இருவரும் உட்கார்ந்து வெளிச்சத்தைக் கூட்டினோம். மேகம் போல விரிய வேண்டியது பட்டை பட்டையாக உடைந்தது. "படம் சரியா விழலப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தவறான தீர்ப்பு. ஏன் என்று புரிய, கொஞ்சம் வரலாறு வேண்டும்.

வானப் படத்தில் நமக்கு வேண்டியதெல்லாம் இருட்டின் அடியில்தான் இருக்கிறது. கண்ணாடித் தகடுகளின் காலத்திலேயே இது தெரியும். ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின், தகட்டில் தேங்கியிருந்த மங்கலான ஒளியை இருட்டறையில் படியெடுத்தே பெருக்கிக் காட்டினார். 'மாலின் 1' என்ற பிரம்மாண்டமான விண்மீன் திரள் அப்படித்தான் 1986இல் வெளிப்பட்டது.

1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடியை உருவாக்கினார்கள். ஒளி எண்ணாக மாறியது. அந்த எண்களைச் சிதையாமல் பரிமாறிக்கொள்ள, 1981இல் ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவம் வந்தது.

எண் என்றதும் எத்தனை படி என்ற கேள்வி வந்துவிடும். 8 பிட் என்றால் 256 படிகள். 14 பிட் கேமராவில் 16,384. 16 பிட்டில் 65,536. நெபுலாவின் ஒளி மொத்த அளவில் அடியிலுள்ள 64இல் ஒரு பங்குக்குள் அடங்கியிருக்கிறது என்று வையுங்கள். 14 பிட்டில் அதற்கு 256 படிகள் கிடைக்கும். அதையே நேர்விகிதத்தில் 8 பிட்டுக்கு மாற்றினால் மிஞ்சுவது 4 படிதான்!

வாத்தியார் கணக்கில் சொல்கிறேன். 0, 25, 50, 75, 100 என்று மட்டுமே மதிப்பெண் போடலாம் என்றால், 3 வாங்கியவனுக்கும் 11 வாங்கியவனுக்கும் பூஜ்யம்தான். பிறகு எவ்வளவு கருணை மதிப்பெண் கொடுத்தாலும் அந்த இருவரையும் பிரித்துக் காட்ட முடியாது. வெளிச்சத்தைக் கூட்டுவதும் அப்படித்தான். போன வித்தியாசம் திரும்பாது.

பெரிய ஆய்வகங்கள் இதற்குத் தனி மென்பொருள் வைத்திருந்தன. விலை கொடுக்க முடியாதவர்களுக்கு 1996இல் கிம்ப் வந்தது. பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தது. ஆனால் 8 பிட். 1990களின் இறுதியில், சினிமாக்காரர்களின் தேவைக்காக 16 பிட்டோடு 'ஃபிலிம் கிம்ப்' என்று ஒரு கிளை பிரிந்து போனது. மூல மென்பொருளின் அடித்தளத்தையே மாற்றும் 'ஜெகில்' வேலை 2000இல் தொடங்கியது. பெரும்பாலும் தன்னார்வலர்கள் கைவேலை. 2018 ஏப்ரலில் 2.10 பதிப்பு வந்தபோதுதான் 16, 32 பிட் சாதாரண மனிதனின் கணினிக்கு வந்து சேர்ந்தது. பதினெட்டு ஆண்டுகள்! நடுவில் 2004இல், ஃபிட்ஸ் கோப்புகளைப் பொதுமக்களும் திறந்து பார்க்க 'ஃபிட்ஸ் லிபரேட்டர்' இலவசமாக வந்தது.

இன்று செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவில் 'ரா' கோப்பாகவே எடுங்கள். ராதெரபியிலோ டார்க்டேபிளிலோ திறந்து 16 பிட் டிஃப் ஆகச் சேமியுங்கள். கிம்பில் துல்லியத்தை 32 பிட்டுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் வெளிச்சத்தைத் தொடுங்கள். ஜேபெக் கடைசியில்தான்.

அந்த மாணவனுக்கு: தம்பி, நீ இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. உன் படத்தில் குறை இல்லை. எத்தனை படி என்று பார்க்காமல் மதிப்பெண் போட்டது நான்தான். அந்த மூலக் கோப்பு இன்னும் உன்னிடம் இருந்தால், உன் நெபுலா அதற்குள் அப்படியேதான் இருக்கும். எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. சேர்ந்து திறந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்