பால் குளிர்விப்பான் குழாய் வியர்க்கிறதா? உறைக்குள் ஈரம் தங்க விடாதீர்கள்!

ஆனைமலை வட்டாரத்தில் தென்னையோடு கறவை மாடும் வைத்திருப்பவர்கள் பலர். கறந்த பால் 37 டிகிரி வெப்பத்தில் இருக்கும். அதைச் சீக்கிரம் 4 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் கெடாது. சங்கத்திலோ சொந்தப் பண்ணையிலோ குளிர்விப்பான் இருந்தால், அதன் குளிர்ந்த குழாயில் சுற்றியுள்ள கருப்பு ரப்பர் உறையையும் கவனியுங்கள்.

ஏன் வியர்க்கிறது?

பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றில் ஈரப்பதம் அதிகம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். உறையில் சிறு பிளவு இருந்தாலும் ஈரக்காற்று உள்ளே புகுந்து குழாயின் மேல் நீராகிவிடும்.

என்ன நட்டம்?

உறையில் குளிரைக் காப்பது அதற்குள் அடைபட்ட காற்றுதான். நீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். உறை நனைந்தால் பால் குளிர நேரமாகும், கம்ப்ரசர் கூடுதலாக ஓடும், கரண்ட் பில் ஏறும். இரும்புக் குழாயாக இருந்தால் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

செய்ய வேண்டியவை

• வாரம் ஒருமுறை உறையைத் தொட்டுப் பாருங்கள். வளைவு, வால்வு, கிளாம்ப் உள்ள இடங்களில்தான் முதலில் ஈரம் தெரியும்.

• நனைந்த உறையின் மேல் புது உறை சுற்றாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மெயின் சுவிட்சை அணைத்து, நனைந்த பகுதியை வெட்டி எடுங்கள். குழாய் நன்கு காய்ந்த பிறகு புது உறை போடுங்கள்.

• இணைப்புகளை அதற்குரிய பசையால் முழுதாக ஒட்டி, மேலே டேப் சுற்றுங்கள். டேப் மட்டும் போதாது.

• 13 மி.மீ. உறை வியர்த்தால் 19 மி.மீ. உறைக்கு மாறுங்கள்.

• கம்பியால் இறுக்கிக் கட்டாதீர்கள். நசுங்கிய இடத்தில் உறை மெலிந்து வியர்க்கும்.

• வெயில் படும் உறை வெடித்துவிடும். அலுமினியத் தகடு போர்த்துங்கள். எலி கடித்த இடத்தை உடனே மாற்றுங்கள்.

செய்யக் கூடாதவை

கையருகில் கிடைக்கிறதென்று தேங்காய் நார், சாக்கு, பழைய துணி சுற்ற வேண்டாம். இவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும்.

உறை சரியாக இருந்தும் குழாயில் பனிக்கட்டி படிந்தால், கேஸ் குறைந்திருக்கலாம். மெக்கானிக்கை அழையுங்கள், நீங்களாகக் குழாயைக் கழற்ற வேண்டாம்.

பருவமழைக்கு முன், மே மாதத்திலேயே உறையைச் சரிபார்த்துவிட்டால் மழைக்காலத்தில் பால் திரியும் கவலை குறையும்.