ஒளிரும் புள்ளியெல்லாம் புற்றா?

ஜெர்மானிய உயிர்வேதியியல் அறிஞர் ஆட்டோ வார்பர்க் 1920-களில் புற்றுத் திசுவின் மெல்லிய துண்டுகளைக் கண்ணாடிக் கலங்களில் இட்டு ஆராய்ந்தார். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தபோதும் அத்திசு குளுக்கோஸை ஏராளமாக உட்கொண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டார். இன்று மருத்துவமனைகளில் ‘பெட்-சி.டி.’ என வழங்கும் கூட்டுப் படமுறையின் வேர் புற்றின் இந்தப் பசியில்தான் இருக்கிறது. அம்முறையின் வலிமையும் குறையும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

பசித்த இடத்தைக் காண, சர்க்கரைக்கு அடையாளம் இட வேண்டும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தார் குளுக்கோஸ் மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பதிலாகக் கதிரியக்க ஃபுளூரின்-18 அணுவைப் பொருத்தினர். செல் இதைச் சர்க்கரை என்றே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுதும் சிதைக்க இயலாமல் தேக்கி வைக்கும். 1976 ஆகஸ்டில் இப்பொருள் விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. விமானம் எதற்கு? ஃபுளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடங்களே. சென்னையில் செய்த மருந்தைச் சாலை வழியே பத்து மணி நேரத்தில் எங்கள் விளாத்திகுளத்துக்குக் கொண்டுவந்தால் நாற்பதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஃபுளூரின்-18 வெளியிடும் பாசிட்ரான் திசுவில் சிறிது தூரம் அலைந்து, ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து அழிகிறது. அழிவில் பிறக்கும் இரு காமா கதிர்கள், ஒவ்வொன்றும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன், எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால் அவை புறப்பட்ட கோடு தெரியும். ஆனால் கருவி காண்பது பாசிட்ரான் மறைந்த இடத்தையே. பிறந்த இடத்தை அன்று. இரு கதிர்களுக்கு இடையே கோணமும் துல்லியமாக 180 பாகை இராது. உணர் படிகங்களுக்கும் சில மில்லிமீட்டர் அகலம் உண்டு. எல்லாம் சேர்ந்து, நான்கைந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டி மங்கி மறைந்துவிடுகிறது. ஐந்து மில்லிமீட்டர் கட்டி என்றால் சில கோடி செல்கள்! ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்பதை ‘உடலில் ஒன்றுமில்லை’ என்று படிக்கலாகாது.

பெட் படம் பசியைக் காட்டுமே தவிர, அது எந்த உறுப்பில் என்ற முகவரியைச் சரியாகச் சொல்லாது. முகவரி சொல்லும் எக்ஸ் கதிர்க் கருவியான சி.டி.யில் 1971-லேயே இங்கிலாந்தில் முதல் நோயாளியைப் படமெடுத்தாயிற்று. மருத்துவர்கள் இரு படங்களையும் அருகருகே வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு வந்தனர். டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும் இரண்டையும் ஒரே கருவியாக்கினர்; முதல் மாதிரி 1998-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கியது. இந்தியாவில், மும்பையில் 2002-இல் பெட் கருவியும், 2004-இல் டாடா நினைவு மருத்துவமனையில் பெட்-சி.டி.யும் வந்தன.

கூட்டு சேர்ந்ததில் புதுச் சிக்கலும் பிறந்தது. சி.டி. சில நொடிகளில் முடிகிறது. பெட் பல நிமிடங்கள் எடுக்கிறது. அதற்குள் நோயாளி எத்தனை முறை மூச்சு விடுகிறார்! ஈரலின் உச்சியிலுள்ள கட்டி நுரையீரலில் இருப்பதுபோல் படத்தில் விழுவதுண்டு. மூளை இயல்பாகவே குளுக்கோஸை மிகுதியாக உண்பதால் அங்குள்ள புற்று பின்னணி ஒளியில் கரைந்துபோகும். மெதுவாக வளரும் புராஸ்டேட் புற்றுகள் பலவற்றுக்குப் பசியே குறைவு.

நம் நாட்டுக்குரிய பெரிய மயக்கம் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். காசநோய்க் கிருமியோடு போரிடும் வெள்ளணுக்களும் குளுக்கோஸுக்குப் பசித்தவை; படத்தில் அவையும் ஒளிரும். உறிஞ்சல் அளவு 2.5-க்கு மேற்பட்டால் புற்றாகக் கொள்ளலாம் என்ற பழைய எல்லைக்கோடு இங்கே பொய்த்துவிடுகிறது. சற்று நேரங்கழித்து மீண்டும் படமெடுத்தால் புற்றில் ஒளி கூடும், அழற்சியில் குறையும் என எதிர்பார்த்தனர். காசநோய் அதற்கும் அடங்கவில்லை.

நுரையீரல் புற்று உள்ள ஒருவருக்கு நெஞ்சின் நடுவிலும் மறுபுறத்திலும் நிணநீர் முடிச்சுகள் ஒளிர்கின்றன என வைத்துக்கொள்வோம். அது பரவிய புற்று என்றால் அறுவை சிகிச்சை இல்லை. காசநோயின் தழும்பென்றால் கட்டியை அறுத்தெடுத்துக் குணப்படுத்த வாய்ப்புண்டு. படத்தை மட்டும் நம்பினால், பிழைக்கக்கூடியவருக்குக் கதவு அடைக்கப்படும்.

எங்கள் மாவட்டக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பாரில் சிப்பி நிறைந்திருக்கிறது என்ற செய்தி மட்டும் போதவில்லை. மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்பட்டது. இங்கும் திறந்து பார்க்கவே வேண்டும். மூச்சுக்குழாய் வழியே கேளா ஒலிக் கருவியைச் செலுத்தி, முடிச்சிலிருந்து ஊசியால் சிறிது திசு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்கிறார்கள். அதே திசுவில் காசநோய்க் கிருமியையும் தேடுகிறார்கள். எந்த முடிச்சில் ஊசியை இறக்குவது என்பதைக் காட்டுவது பெட்-சி.டி. படமே.