பனிப் புனிதர்களும் தக்காளி நாற்றும்

மே மாதம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அக்கினி நட்சத்திரம். அதே மாதத்தில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி நாடுகளின் உழவர்களோ உறைபனிக்கு அஞ்சி வானத்தை நோக்கி நிற்பார்கள். மே 11 முதல் 15 வரை மமெர்த்துஸ், பங்கிராஸ், செர்வாசியுஸ், போனிபாசியுஸ், சோபியா ஆகியோரின் திருநாள்கள் வரிசையாக வருகின்றன. மக்கள் இவர்களுக்கு இட்ட பெயர் 'பனிப் புனிதர்கள்'. ஹங்கேரியில் நடுவிலுள்ள மூவரையே இவ்வாறு அழைப்பர். இவர்களுடைய திருநாள்கள் கடக்கும்வரை தக்காளி, மிளகாய் நாற்றுகளைத் திறந்த வெளியில் நடலாகாது என்பது அங்குள்ள தோட்டக்காரர்களின் விதி.

இப்புனிதர்களுக்கும் குளிருக்கும் என்ன உறவு? பங்கிராஸ் 14 வயதில் உரோமையில் உயிர்நீத்த மறைசாட்சி என்பது மரபு. போனிபாசியுஸ் மறைசாட்சியானதாகச் சொல்லப்படும் தர்சு, புனித பவுல் பிறந்த ஊர். பனிக்குப் பெயர்பெற்ற இடமன்று. செர்வாசியுஸ் 4-ஆம் நூற்றாண்டு ஆயர். அவருடைய கல்லறை நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் உள்ளது. மமெர்த்துஸ் ஒருவருக்கே வயலோடு தொடர்பு உண்டு. 5-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வியன் நகர ஆயராயிருந்த அவர், ஆண்டவரின் விண்ணேற்ற விழாவுக்கு முந்திய மூன்று நாள்களிலும் பவனியாகச் சென்று மன்றாடும் வழக்கத்தைத் தொடங்கினார். அவை பின்னர் பயிர்களுக்காக மன்றாடும் நாள்களாயின. ஏனையோரைப் பனியோடு இணைத்தது அவர்தம் திருநாளின் தேதி மட்டுமே. எழுத்தறியாத உழவனுக்குத் திருநாள்களே நாள்காட்டியாய் இருந்தன.

ஐரோப்பாவில் தக்காளியும் மிளகாயும் வந்தேறிய செடிகள். இரண்டையும் முதலில் சாகுபடி செய்து வளர்த்தவர்கள் அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்கள். 1492-இல் கொலம்பஸ் மேற்கொண்ட பயணத்திற்குப்பின் அவை கடல் கடந்தன. 1529-இல் மெக்சிகோ சென்ற பிரான்சிஸ்கன் துறவி பெர்நார்தீனோ தெ சாகூன், அங்குள்ள சந்தைகளில் விற்கப்பட்ட மிளகாய், தக்காளி வகைகளை விரிவாக எழுதிவைத்தார். இயேசு சபைக் குரு ஹோசே தெ அகோஸ்தா 1590-இல் வெளியிட்ட நூலிலும் இவ்விரண்டும் இடம்பெற்றன. ஜெர்மானிய மருத்துவர் லெயொன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542-இல் மிளகாய்ச் செடியைப் படம் வரைந்து வெளியிட்டார். அது இந்தியாவிலிருந்து வந்ததென எண்ணி, கள்ளிக்கோட்டை மிளகு என்றும் அதற்குப் பெயரிட்டார். உண்மையில் அச்செடியைப் போர்த்துக்கீசியரே நம் கரைக்குக் கொண்டுவந்தனர். நாமும் மிளகின் பெயரைச் சேர்த்தே 'மிளகாய்' என்றோம். 1544-இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தக்காளியைக் குறிப்பிட்டார். அதற்குப் 'பொன் ஆப்பிள்' என்ற பொருளுடைய பெயர் இத்தாலியில் நிலைத்தது.

வெப்ப நாட்டில் இச்செடிகள் ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழக்கூடியவை. உறைபனி அடித்தால் ஒரே இரவில் கருகிவிடுபவை. குளிர்நாட்டுத் தோட்டக்காரருக்கு இதனால் பெரும் சிக்கல் எழுந்தது. இளவேனிலின் தொடக்கத்தில் வெளியே விதைத்தால் பனி கொல்லும். பனி முற்றும் நீங்கியபின் விதைத்தாலோ, பழம் பழுப்பதற்குள் கோடை முடிந்துவிடும். எனவே, விதைக்கும் நாளையும் நடும் நாளையும் அவர்கள் பிரித்துக்கொண்டார்கள்.

கடைசி உறைபனி எதிர்பார்க்கப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே முறை. மெதுவாக வளரும் மிளகாயை 8 முதல் 10 வாரங்களுக்கு முன்பும், தக்காளியை 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பும் விதைப்பர். மே நடுவில் நட வேண்டுமானால் மிளகாய் விதை மார்ச் தொடக்கத்திலும், தக்காளி விதை மார்ச் இறுதியிலும் மண்ணுக்குள் போக வேண்டும். வெளியே குளிர் நீங்காத அந்நாளில் விதைக்கு ஏறத்தாழ 25 பாகை வெப்பம் எங்கிருந்து கிடைக்கும்? பழைய தோட்டக்காரர்கள் குழி தோண்டிப் புதிய குதிரைச் சாணத்தை நிரப்பி, மேலே மண் பரப்பி, கண்ணாடிச் சட்டத்தால் மூடினார்கள். சாணம் மட்கும்போது எழும் சூடு விதையை முளைக்கச் செய்தது. இன்று சன்னலோரத் தட்டும் மின்விளக்கும் அவ்வேலையைச் செய்கின்றன.

முளைத்த நாற்றை உடனே வெளியே நட்டால் வாடிவிடும். ஒரு வாரம் அல்லது பத்து நாள்கள், முதலில் ஓரிரு மணி நேரமும் பின்னர் பகல் முழுவதும் வெளியே வைத்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்க வேண்டும். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காத நிலையில் தக்காளியை நடலாம். மிளகாய்க்கு இன்னும் சற்று வெப்பம் தேவை. தக்காளியின் தண்டிலிருந்து புதிய வேர்கள் கிளம்பும் என்பதால், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடுவர். மிளகாயை நாற்றங்காலில் நின்ற அளவு ஆழத்திலேயே நட வேண்டும்.

பனிப் புனிதர்களின் கணக்குச் சரிதானா? 1582-இல் திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் நாள்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆயிற்று. பத்து நாள்கள் கணக்கிலிருந்து நீங்கின. வானிலை அதற்கேற்ப மாறவில்லை. விதி அதற்கு முன்பே பிறந்திருந்தால், அது குறித்த குளிர் இன்றைய கணக்கில் மே மாதத்தின் பிற்பகுதியிலேயே வரும். ஹங்கேரியர் மே 25-இல் வரும் புனித உர்பானையும் குளிரோடு சேர்த்து எண்ணுகிறார்கள். பனியும் எல்லா ஆண்டுகளிலும் குறித்த தேதியில் வருவதில்லை. 1969-இல் திருச்சபையின் பொது நாள்காட்டியிலிருந்து போனிபாசியுஸின் நினைவு நீக்கப்பட்டது. தோட்டக்காரர்கள் அவரை நீக்கவில்லை.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாகாது. ஏப்ரலில் ஒரு வாரம் வெயில் அடித்ததும் ஆசைப்பட்டு நட்டுவிட்டு, மறுநாள் காலையில் கருகிய நாற்றைக் கண்டவர்கள் பலர். அந்த இழப்பைப் பேரப்பிள்ளைகள் மறவாதிருக்க, அவர்கள் அதைப் புனிதர் பெயரோடு கட்டிவைத்தார்கள். அன்று மறுபடி விதைக்கக் காலமில்லை. அவ்வாண்டின் உழைப்பு அத்தோடு போயிற்று. இரண்டு வாரம் காத்திருந்தவரோ எதையும் இழக்கவில்லை. குளிர்ந்த மண்ணில் முந்தி நட்ட நாற்று பிழைத்தாலும் வளராமல் நிற்கும். வெதுவெதுப்பான மண்ணில் பிந்தி நட்டது அதை எட்டிப்பிடித்துவிடும்.