உலுருவின் அடிவார நடைபாதை

ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில், சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் செந்நிறப் பாறை உலுரு. அதைச் சுற்றி 10.6 கி.மீ. நீளமுள்ள நடைபாதை ஒன்று உண்டு. ஆனால் பல பத்தாண்டுகளாக இங்கு வந்த பயணிகளில் பலர் சுற்றி நடக்க வரவில்லை, பாறைமீது ஏறவே வந்தனர்.

1873 இல் இப்பாறைக்கு வந்த நில அளவையாளர் வில்லியம் காஸ், தெற்கு ஆஸ்திரேலிய அரசியல்வாதி ஹென்றி அயர்ஸின் பெயரை இதற்குச் சூட்டினார். இந்நிலத்துக்குரிய அனங்கு மக்களிடம் உலுரு என்ற பெயர் முன்பே வழங்கிவந்தது. 1964 இல் ஏறுவோர் பற்றிக்கொள்ளச் சங்கிலி பொருத்தப்பட்டது. அந்த வழி, மாலா முன்னோர் உலுருவுக்கு வந்தபோது சென்ற புனித வழி. அதில் ஏற முயன்று பலர் இறந்தனர். தம் நிலத்தில் விருந்தினர் இறந்தால் அத்துயரம் தம்மையும் சேரும் என்று அனங்கு கருதினர்.

1985 அக்டோபர் 26 அன்று நிலவுரிமை அவர்களிடம் திரும்பியது. உடனே அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர். ஏறுவது மட்டும் நிற்கவில்லை. அனங்கு பெரும்பான்மையாக உள்ள பூங்கா நிர்வாகக் குழு 2017 இல்தான் அதை மூட முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26 முதல் எவரும் ஏற முடியாது.

அடிவாரப் பாதை சொல்லும் கதைகள் ஜுகுர்பாவைச் சேர்ந்தவை. அனங்கு மக்களுக்கு அது படைப்புக் கதை மட்டுமன்று, சட்டமும் வாழ்க்கைநெறியும் அதுவே. முடிஜுலு நீர்நிலையருகே, தன் மருமகனைக் கொன்ற லிரு என்னும் நச்சுப்பாம்பு வீரனைக் குனியா என்னும் மலைப்பாம்புப் பெண் தன் தோண்டுகோலால் இருமுறை அடித்தாள் என்பது கதை. பாறையிலுள்ள இரு வெடிப்புகள் அந்த அடிகளின் தழும்புகள் என்கின்றனர்.

எல்லாவற்றையும் இப்பாதை காட்டுவதில்லை. ஆண்களுக்கு மட்டும் உரியவை, பெண்களுக்கு மட்டும் உரியவை எனப் புனித இடங்கள் தனித்தனியே உள்ளன. அவை வரும் பகுதிகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகைகள் கேட்டுக்கொள்கின்றன. அங்குள்ள பாறை வடிவங்கள் புனித நூலுக்கு நிகரானவை. அவற்றை அதற்குரிய இடத்தில், அதற்குரியவர் மட்டுமே காண வேண்டும். ஆகவே வந்தவருக்கு எவ்வளவு சொல்வது என்பதையும் இங்கே அனங்குதான் முடிவுசெய்கின்றனர். பாரம்பரியப் பாதை என்ற பெயரில் எல்லாவற்றையும் காட்சிப்பொருளாக்கும் இடங்களிலிருந்து உலுரு வேறுபடுவது இதனால்தான்.

சங்கிலி அகற்றப்பட்டுவிட்டது. ஏறியவர்களின் காலணிகள் தேய்த்த வெளிறிய தடம் மட்டும் பாறையில் இன்னும் தெரிகிறது.