புரோசெக்கோ: மலிவான நுரை ஒயினின் வரலாறு

புரோசெக்கோ என்பது இத்தாலியின் வடகிழக்குப் பகுதியில் தயாராகும் நுரைக்கும் வெள்ளை ஒயின். திரியேஸ்தே நகரை அடுத்த புரோசெக்கோ என்ற சிற்றூரின் பெயரே இதற்கு அமைந்தது. ஆனால் புகழ் தேடித் தந்தவை, வெனிசுக்கு வடக்கே உள்ள கொனெல்யானோ, வால்தொப்பியாதெனே குன்றுகள்.

இது மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் செய்முறை. பிரான்சின் ஷாம்பெயினில் இரண்டாம் நொதித்தல் ஒவ்வொரு புட்டிக்குள்ளும் தனித்தனியே நடக்கிறது. சட்டப்படி குறைந்தது 15 மாதம் அது நிலவறையில் இருக்க வேண்டும். ஈஸ்ட் வண்டலைப் புட்டி புட்டியாக அகற்றவும் வேண்டும். இந்த உழைப்பும் காத்திருப்பும் விலையில் ஏறிவிடுகின்றன. 1895இல் பெதெரிகோ மார்த்தினோத்தி என்ற இத்தாலியர், அழுத்தம் தாங்கும் பெரிய மூடிய தொட்டியில் அந்த நொதித்தலை நடத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் பிரெஞ்சுக்காரரான யூஜீன் ஷார்மா அதை மேம்படுத்தினார். உலகம் பெரும்பாலும் ஷார்மாவின் பெயரையே சொல்கிறது; மார்த்தினோத்திக்கு இது நியாயமில்லை. தொட்டி முறையில் சில வாரங்களிலேயே வேலை முடிகிறது. கரியமில வாயு வெளியேறாதபடி அழுத்தத்தோடே புட்டியில் அடைக்கிறார்கள். ஆப்பிள், பேரிக்காய் போன்ற பழமணமும் கெடுவதில்லை. ஷாம்பெயினின் ஆழம் இதற்கு வராது. அதை இதில் தேடுவதும் தவறு.

வெனிசின் ரியால்தோ மீன் சந்தை பல நூற்றாண்டுப் பழமை உடையது. அதைச் சுற்றியுள்ள, 'பாக்கரோ' எனப்படும் சிறு மதுக்கடைகளில் ஒரு குவளை ஒயினுடன் சிறு தட்டுகளில் மீன் உணவு தருவது வழக்கம். அவற்றுள் பெயர்பெற்றது 'சார்தே இன் சாவோர்': பொரித்த மத்தி மீனை வதக்கிய வெங்காயம், வினிகர், உலர் திராட்சை, பைன் கொட்டை ஆகியவற்றோடு ஊறவைப்பது. மீன் நாள்பட இருக்க வேண்டும் என்ற தேவையில் பிறந்த பக்குவம் இது. மத்தியின் எண்ணெய்ப் பசையை ஒயினின் புளிப்பும் குமிழிகளும் நாக்கிலிருந்து கழுவிவிடுகின்றன. சிவப்பு ஒயினோடு மீன் உண்டால் சில வேளைகளில் உலோகச் சுவை தட்டும். இதில் அந்தத் தொல்லை அரிது.

புரோசெக்கோ என்பது முன்பு திராட்சை வகையின் பெயராகவும் இருந்தது. அதைப் பயிரிடும் எவரும், எந்த நாட்டிலும், அப்பெயரைப் பயன்படுத்த முடிந்தது. 2009இல் இத்தாலி திராட்சைக்கு 'கிளேரா' என்று பெயரிட்டு, புரோசெக்கோவை இடப்பெயராக மட்டும் ஆக்கியது. அதற்காக அச்சிற்றூரையும் உள்ளடக்கி, எல்லை ஒன்பது மாவட்டங்கள்வரை விரிக்கப்பட்டது. ஆஸ்திரேலியத் திராட்சை விவசாயிகள் இதை ஏற்கவில்லை. அவர்களுக்கு அது இன்றும் திராட்சையின் பெயர்தான்.

எல்லை விரிந்ததால் சமவெளித் தோட்டங்கள் பெருகின. புட்டிக் கணக்கில் புரோசெக்கோ இன்று ஷாம்பெயினை விஞ்சிவிட்டது. 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த பழைய குன்றுகளிலோ, செங்குத்துச் சரிவுகளில் இன்னும் கையாலேயே அறுவடை நடக்கிறது. அந்தப் புட்டியும் சமவெளிப் புட்டியும் ஒரே பெயரோடு கடையில் அருகருகே நிற்கின்றன. விலை குறைந்தது சமவெளியினுடையது.