பழவேற்காட்டு ஏரி: பெயரும் நிலமும் வரலாறும்

1. தோற்றுவாய்

ஓரிடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் முதற்கண் தேடுவது இயல்பு. பழவேற்காட்டைப் பற்றிய எழுத்துகளும் பெரும்பாலும் இந்நெறியிலேயே சென்றுள்ளன. ஒல்லாந்தர் கி. பி. 1613இல் கட்டிய கெல்திரியாக் கோட்டையில் தொடங்கி, அவர்தம் கல்லறைகளில் முடிவதே அவ்வெழுத்துகளின் அமைதி. ஆயின், ஒல்லாந்தர் வருமுன்னரும் அவ்வூர் துறைமுகமாய் விளங்கிற்று. அவர் அகன்ற பின்னரும் ஊர் நிலைத்து நிற்கின்றது. முன்னும் பின்னும் அவ்வூரை வாழ்வித்து வருவது அதனைச் சார்ந்த நீர்ப்பரப்பே. ஆதலின், கோட்டையை நடுவாக வைத்து ஏரியை நோக்காது, ஏரியை நடுவாக வைத்துக் கோட்டையையும் ஏனையவற்றையும் நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. பெயர் ஆராய்ச்சி

பழவேற்காடு என்னும் பெயர்க்குப் பொருள் கூறுவோர் இரு திறத்தர். பழமரங்களின் வேர் நிறைந்த காடு என்பர் ஒரு சாரார். பழைய வேலங்காடு என்பர் மற்றொரு சாரார். முன்னையது இலக்கணத்தோடு பொருந்துமாறு இல்லை. வேர் என்னும் சொல் காடு என்பதனோடு புணரின் வேர்க்காடு என்றாகும். ரகரம் றகரமாகத் திரிதற்கு விதியில்லை. வேல் என்பது காடு என்பதனோடு புணரும்போது லகரம் றகரமாகத் திரிந்து வேற்காடு என்றாதல் இயல்பு. எனவே, எழுத்து வடிவம் இரண்டாவது பொருளையே வலியுறுத்துகின்றது.

ஈண்டு ஒரு தடை எழும். பூல், வேல், ஆல் என்னும் மரப்பெயர் மூன்றும் அம்முச் சாரியை பெறும் என்பது தொல்காப்பிய விதி. அவ்விதிப்படி ஆலங்காடு என்பது போல வேலங்காடு என்றன்றோ வருதல் வேண்டும்? வேலங்காடு என்னும் பெயருடைய ஊர்கள் தொண்டைநாட்டில் உள்ளமையும் இத்தடைக்கு வலிமை சேர்க்கும். ஆயின், அதே தொண்டைநாட்டில், ஞானசம்பந்தரால் பாடப்பெற்ற திருவேற்காடு என்னும் தலம் சாரியை இன்றி வழங்குகின்றது. அத்தலத்தின் மரம் வெள்வேல் என்பது மரபு. எனவே, சாரியை பெற்ற வடிவமும் பெறாத வடிவமும் இந்நாட்டு ஊர்ப்பெயர்களில் ஒருங்கே வழங்கின எனக் கொள்ளுதலே தக்கது. வேற்காடு எனப் பெயரிய பிறிதோர் ஊரினின்றும் பிரித்தறியும் பொருட்டுப் 'பழ' என்னும் அடை சேர்ந்தது எனக் கருதவும் இடமுண்டு.

இப்பெயரை ஐரோப்பியர் பலியக்கட்டா என்றும் புலிகாட் என்றும் திரித்து வழங்கினர். புலிகாட் என்னும் வடிவத்தைக் கொண்டு புலியோடு இயைபு கற்பிப்பது பொருந்தாது. விசயநகர வேந்தர் காலத்தில் ஆனந்தராயன் பட்டினம் என்னும் பெயர் இவ்வூர்க்கு வழங்கியதாகக் கல்வெட்டறிஞர் கூறுவர். ஏரியைப் பிரளயகாவேரி எனக் குறிக்கும் வழக்கு இன்றும் தெலுங்கு மக்களிடையே உண்டு. ஊருக்குக் காட்டின் பெயரும் நீருக்கு வெள்ளத்தின் பெயரும் அமைந்தமை நோக்கத்தக்கது.

3. நிலத்தின் இயல்பு

ஏரி என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் கரை கட்டி மழைநீரைத் தேக்கிய நீர்நிலையைக் குறிக்கும். பழவேற்காட்டு நீர்ப்பரப்பு அத்தகையது அன்று. கடலுக்கும் நிலத்துக்கும் இடையே மணல்திட்டு எழுந்து தடுக்க, ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து நிற்கும் உவர்நீர்ப்பரப்பு அது. இதனைச் சங்க நூல்கள் கழி என்னும். தென்பாண்டிக் கரையில் காயல் என்பர். ஈழத்தமிழர் களப்பு என்பர். மட்டக்களப்பு என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் நின்று நிலவுகின்றது. ஆயினும் பழவேற்காட்டு மீனவர் இதனை ஏரி என்றே வழங்குதலின், யாமும் அவ்வழக்கையே மேற்கொள்கின்றோம்.

இந்தியாவின் உவர்நீர்க் கழிகளுள் ஒரிசாவின் சில்காவுக்கு அடுத்த பெருமையுடையது இது. தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம் உடையது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. கிழக்கே சிரீஅரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு இதனை வங்கக் கடலினின்றும் பிரிக்கின்றது. ஆரணியாறு தெற்கிலும் காளங்கியாறு வடமேற்கிலும் சுவர்ணமுகியின் கிளைகள் வடக்கிலும் நன்னீர் கொணர்கின்றன. ஏரியின் நடுவே இருக்கம், வேநாடு முதலிய தீவுகள் உள்ளன.

இத்துணைப் பரந்த நீர்நிலையின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே என்பது முதன்மையாக உளங்கொள்ளத்தக்கது. ஆழம் இன்மையின், சிறிதளவு நீர் ஏறினும் இறங்கினும் பரப்பு மிகுதியாக மாறும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் நீர் பெருகி உவர்ப்புக் குறையும். கோடையில் நீர் வற்றி, வடபகுதியில் உவர்ப்புக் கடல்நீரையும் விஞ்சும். சேற்றுநிலம் பல கிலோமீட்டர் தொலைவு வெளிப்படும். கடலோடு ஏரியை இணைப்பவை முகத்துவாரங்கள். தெற்கே பழவேற்காட்டிலும் வடக்கே இராயதொருவு என்னுமிடத்திலும் உள்ளவை அவற்றுள் குறிப்பிடத்தக்கன. கரையோர நீரோட்டம் கொணரும் மணல் அவற்றை அடைக்க, மழைக்காலத்து வெள்ளம் அதனை உடைத்துத் திறக்கும். இந்த அடைப்பும் திறப்புமே ஏரியின் மூச்சு எனலாம்.

4. வணிகமும் கோட்டையும்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழவேற்காடு சோழமண்டலக் கரையின் சிறந்த துறைமுகங்களுள் ஒன்றாய் விளங்கிற்று. போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசா, இங்கு முகம்மதியரும் பிறரும் செய்த பெருவணிகத்தையும் பெகு நாட்டு மாணிக்கக்கற்கள் இங்கு வந்து விலைபோனமையையும் குறித்துள்ளார். இங்கிருந்து சென்ற வண்ணத்துணிகள் கீழ்த்திசைத் தீவுகளில் பெரிதும் விரும்பப்பட்டன. துணி கொடுத்தே நறுமணப் பொருள்களைப் பெறவேண்டியிருந்தமையால்தான் ஒல்லாந்தர் இக்கரையை நாடினர். 1610இல் விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடரிடம் வணிக உரிமை பெற்றனர். போர்ச்சுகீசியர் 1612இல் அவர்தம் பண்டகசாலையைத் தாக்கி அழித்தமையின் மறு ஆண்டே கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை ஒல்லாந்தரின் சோழமண்டல ஆட்சிக்குப் பழவேற்காடே தலைமையிடமாயிருந்தது. துணியோடு வெடிமருந்தும் இங்கிருந்து பத்தாவியாவுக்குச் சென்றது. பஞ்சக் காலங்களில் மக்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். வணிகச் சிறப்பைக் கூறுவோர் இதனை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

இலக்கிய ஆராய்ச்சியாளர் அறியத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. 1632 முதல் பத்தாண்டுகள் இங்கு ஒல்லாந்தரின் சமயகுருவாயிருந்த ஆபிரகாம் ரொகேரியசு, பதுமநாபன் என்னும் அந்தணரின் துணையால் இந்நாட்டுச் சமய ஒழுக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்தபின் 1651இல் வெளியான அந்நூலில் பர்த்ருகரியின் செய்யுள்களும் மொழிபெயர்த்துச் சேர்க்கப்பட்டன. ஐரோப்பிய மொழியில் அச்சேறிய வடமொழி இலக்கியங்களுள் மிகப் பழையது அது. அம்மொழிபெயர்ப்புக்கு வித்திட்ட உரையாடல்கள் இவ்வேரிக்கரையில் நிகழ்ந்தவை.

ஆங்கிலேயர் வரலாறும் இவ்வேரியோடு பிணைந்ததே. பழவேற்காட்டில் ஒல்லாந்தரோடு ஒத்து வணிகம் செய்ய இயலாது வெளியேறிய அவர்கள், ஏரியின் வடகோடியை ஒட்டிய துர்க்கராயப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தனர். தமக்கு உதவிய ஆறுமுக முதலியாரின் பெயரால் அதனை ஆர்மகான் என அழைத்தனர். ஆங்குத் தலைவராயிருந்த பிரான்சிசு டேயே 1639இல் தெற்கே வந்து சென்னைப்பட்டினத்துக்கு உரிய நிலத்தைப் பெற்றவர். ஏரியின் தென்கோடியில் ஒல்லாந்தரும் வடகோடியில் ஆங்கிலேயரும் நின்ற அந்நிலையிலிருந்தே சென்னை நகரின் தோற்றம் தொடங்குகின்றது எனலாம்.

பெருங்கப்பல்கள் ஏரிக்குள் நுழைதல் இயலாது. அவை வெளியே கடலில் நங்கூரமிட, சிறு படகுகளே சரக்குகளைக் கரைக்கும் கப்பலுக்கும் கொண்டு சென்றன. ஆழமின்மை வணிகத்துக்கு இடையூறாயினும், பகைவர் கலங்கள் கோட்டையை அணுகாமைக்கு அரணாயிற்று. ஆயின், சென்னையின் வளர்ச்சிக்குப் பின் அவ்வாழமின்மையே பழவேற்காட்டைப் பின்தங்கச் செய்த காரணங்களுள் ஒன்றாயிற்று. 1825இல் ஊர் முற்றும் ஆங்கிலேயர் கைப்பட்டபோது, அதனை அடைதற்குப் போட்டியிடுவார் எவரும் இலர். கோட்டை இன்று முட்செடி மூடிய மேடாய்க் கிடக்கின்றது.

5. பாடு என்னும் முறை

கோட்டை அழிந்தது; மீனவர் முறை அழியவில்லை. பழவேற்காட்டுப் பட்டினவர் குப்பங்கள் சிலவற்றில் பாடு என்னும் முறை வழிவழியாக நிலவுகின்றது. முகத்துவாரத்தை அடுத்த நல்ல மீன்பிடி இடங்களை எவரும் தமக்கே உரிமையாக்கிக் கொள்ளுதல் இயலாது. உரிமையுள்ள தலைக்கட்டுகள் குலுக்கல் வழியாக நாளும் இடமும் பெற்று, முறை வைத்து வலையிடுவர். இன்று சிறந்த இடம் பெற்றவர் நாளை பிறிதோர் இடத்துக்குச் செல்வர். பாடு என்னும் தமிழ்ச்சொல் இடம் என்றும் உழைப்பு என்றும் நுகர்ச்சி என்றும் பொருள்படும். இம்மூன்று பொருளும் இம்முறையில் ஒன்றுபட்டு நிற்றல் காண்க. அரசின் சட்டம் எதுவும் இதனை வகுக்கவில்லை. குறைந்த நீரில் நிறைந்த மக்கள் பூசலின்றி வாழ்தற்குக் கண்ட வழி இது. எனினும், பாட்டில் உரிமை பெறாத பிற மீனவரும் இருளரும் உளர் என்பதும், உரிமை பற்றிய வழக்குகள் எழுந்துள்ளன என்பதும் மறத்தற்கில்லை. இருளர் பெண்டிர் வலையின்றி, இடுப்பளவு நீரில் அமர்ந்து கைகளால் துழாவியே இறால் பிடிப்பர்.

6. நீரும் உயிர்களும்

வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரியை அடைந்து, உணவு மிக்க ஆழமற்ற நீரில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். மடவையும் பால்மீனும் இவ்வாறே கடலையும் கழியையும் சார்ந்து வாழ்வன. முகத்துவாரம் அடைபடுமாயின் இறால் குஞ்சுக்கு வழியில்லை, மீனவருக்குப் பாடில்லை. எனவே, மணல் மிகுந்து வாயை அடைக்குங்கால் மீனவர் தாமே கூடி அதனை வெட்டித் திறப்பது உண்டு.

குளிர்காலத்தில் பூநாரைகள் இங்குப் பல்லாயிரமாகக் கூடும். நெடுங்கால் ஊன்றி நிற்கும் அப்பறவை, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் செலுத்திச் சேற்றுநீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும். ஆழநீரில் அதற்கு வாழ்வில்லை. கப்பலுக்குக் குறையாய் நின்ற ஆழமின்மையே பறவைக்கு நிறைவாயிற்று. ஏரியின் வடமேற்கே நேலபட்டு என்னும் சிற்றூரில் கூழைக்கடாக்கள் மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஆந்திர அரசு 1976இலும் தமிழ்நாட்டரசு 1980இலும் ஏரியின் தத்தம் பகுதிகளைப் பறவைப் புகலிடங்களாக அறிவித்தன.

7. பிரிவுகள்

1953இல் ஆந்திர மாநிலம் தனித்து அமைந்தமையாலும், 1960இல் எல்லைகள் திருத்தப்பட்டமையாலும் ஒரே நீர்ப்பரப்பு இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. மொழிவழி எல்லை நிலத்துக்குப் பொருந்தும். மீனுக்கும் நீருக்கும் பொருந்துவதன்று. எல்லை தாண்டி வலையிடுதல் பற்றி இருபக்க மீனவரிடையேயும் பூசல்கள் நிகழ்ந்துள்ளன. சிரீஅரிகோட்டாத் தீவு 1969இல் ஏவுகணைத் தளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 முதல் ஏவுகலன்கள் அங்கிருந்து எழுகின்றன. அத்தீவின் பழங்குடியினரான ஏனாதியரின் வாழ்க்கை அதனால் பெரிதும் மாறிற்று. தீவுக்குச் செல்ல ஏரியின் குறுக்கே இட்ட சாலை, வடபகுதியை ஏனைய நீரினின்றும் பெரும்பாலும் பிரித்துவிட்டது. ஆறுகள் கொணரும் வண்டல் ஆண்டுதோறும் படிகின்றது. பல மீட்டர் ஆழமுடைய நீர்நிலை ஒரு சாண் வண்டலைப் பொறுக்கும். ஒரு மீட்டர் ஆழமே உடையது எங்ஙனம் பொறுக்கும்?

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், பழவேற்காடு என்பது வேலங்காட்டால் பெயர் பெற்றது என்பதும், அதன் வணிகமும் அரணும் தளர்ச்சியும் நீரின் ஆழமின்மையோடு இயைபுடையன என்பதும், மீனவர் முறையும் பறவைகளின் வாழ்வும் அவ்வாழமின்மையையே பற்றி நிற்பன என்பதும் போதரும். ஒல்லாந்தரின் கல்லறைகள் தொல்பொருள் துறையினரால் காக்கப்படுகின்றன, அது செய்யத்தக்கதே. ஆயின், கல்லில் பொறித்த எழுத்து மட்டுமே வரலாற்றுச் சான்று அன்று. குலுக்கலில் இடம் பெற்று வலையிடும் மீனவனது முறையும், அவன் வழங்கும் சொற்களும், திறந்து மூடும் முகத்துவாரமும் சான்றுகளே. கல் நெடுங்காலம் காத்திருக்கும், இவை காத்திரா. இவ்வேரிக்கரையில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் மீன்பெயர்களையும் வலைப்பெயர்களையும் காற்றின் பெயர்களையும், இரு மொழியிலும் பயிற்சியுடைய மாணவர் நேரிற் சென்று தொகுப்பாராயின், அது மொழி வரலாற்றுக்கும் நில வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும் பணியாகும்.