திரைப்போரும் மண்கோட்டையும்: ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) திரைப்படத்தில் பாஞ்சாலங்குறிச்சிப் போர்

ஆய்வுச் சுருக்கம்

பி. ஆர். பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் பாஞ்சாலங்குறிச்சிப் போரைக் காட்சிப்படுத்திய முறையை, அப்போர் பற்றிய வரலாற்றுச் செய்திகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மண்கோட்டை முற்றுகையாக நிகழ்ந்த போர் திரையில் குதிரைப்படை மோதலாக உருமாறியதும், 1801ஆம் ஆண்டுப் போர் கதைக்கு வெளியே நின்றதும் இங்கு விளக்கப்படுகின்றன.

குறிச்சொற்கள்: பாஞ்சாலங்குறிச்சி, கட்டபொம்மன், ஊமைத்துரை, போர்க்காட்சி, மண்கோட்டை, பொது நினைவு.

முன்னுரை

வரலாற்றுத் திரைப்படங்களைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் உரையாடலையும் நாயக உருவாக்கத்தையுமே கருத்தில் கொள்கின்றன. போர்க்காட்சிகள் பொழுதுபோக்குக் கூறுகளாக ஒதுக்கப்படுகின்றன. ஆயினும், ஒரு போர் எந்நிலத்தில், எக்கருவிகளால், யாரால் நிகழ்த்தப்பட்டது என்பதைப் பொதுமக்கள் மனத்தில் பதிப்பவை அக்காட்சிகளே. ஆதலின் அவற்றையும் வரலாற்றுக் கூற்றுகளாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

மேடையிலிருந்து திரைக்கு

சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தைச் சிவாஜி நாடக மன்றம் 1957இல் அரங்கேற்றியது. அதன் வெற்றியே 1959 மே மாதம் வெளிவந்த வண்ணப்படத்திற்கு அடிப்படையாயிற்று. கட்டபொம்மன் வரலாற்றை எழுதிய ம. பொ. சிவஞானத்தின் துணையும் படத்திற்குக் கிடைத்தது. மேடையில் படைகளைக் காட்ட இயலாது. போரைச் சொல்லே சுமக்க வேண்டும். திரைப்படம் இச்சொல்மரபைக் கைவிடவில்லை. ஜாக்சன் துரையுடனான உரையாடலே இன்றுவரை படத்தின் அடையாளமாக நிற்கிறது. போரின் துயரும் வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாள் ஆகிய தனிமாந்தரின் வாயிலாகவே உணர்த்தப்படுகிறது.

மேடை தர இயலாத பரப்பைத் திரை தர வேண்டியிருந்தது. சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களின் தளங்கள் அரண்மனைக்கும் அவைக்கும் போதுமானவை, பெரும்படைக்குப் போதா. எனவே போர்க்காட்சிகள் இராசத்தானத்தின் ஜெய்ப்பூரில் படமாக்கப்பட்டன. இதனால் கரிசல் நிலத்துப் பாளையத்தின் போர் வடபுலத்து நிலத்தோற்றத்தைப் பெற்றது.

வரலாற்றில் போர்

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் தலைமையிலான கும்பினிப்படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. அத்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பெரிய பீரங்கிகளும் கூடுதல் படையும் வந்துசேருமுன் கட்டபொம்மனும் அவரைச் சார்ந்தோரும் கோட்டையை விட்டு வெளியேறினர். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்சிப் பகுதியில் பிடிபட்ட கட்டபொம்மன், அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் இடிக்கப்பட்டது.

பெரும்போர் அதன் பின்னரே நிகழ்ந்தது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவர்தம் மக்களும் கோட்டையைக் குறுகிய காலத்தில் மீண்டும் எழுப்பினர். மார்ச்சு இறுதியில் கும்பினிப்படையின் தாக்குதல் தோல்வியுற்றது. மே 24 அன்று கர்னல் அக்னியூ தலைமையில்தான் கோட்டை வீழ்ந்தது. இம்முற்றுகையில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட தம் போர்நினைவு நூலில், அக்கோட்டை முழுவதும் மண்ணால் ஆனது என்றும், காவலர்கள் மிக நீண்ட ஈட்டிகளால் நுழைவைத் தடுத்தனர் என்றும் பதிவு செய்துள்ளார். வெல்ஷ் கண்டது 1801இல் எழுப்பப்பட்ட கோட்டையையே. எனினும் பாளையத்து அரண்களின் இயல்பை அறிய அவர் குறிப்பு உதவுகிறது.

திரையின் தேர்வும் அதன் விளைவும்

இவ்விரண்டையும் ஒப்பிடுகையில் இரு வேறுபாடுகள் புலப்படுகின்றன. முதலாவது, போரின் வடிவம். வரலாற்றில் வலிமை மண்ணிலும் ஈட்டியிலும் காலாட்களின் உறுதியிலும் இருந்தது. திரையிலோ அது குதிரையிலும் வாளிலும் தலைவனின் தனிவீரத்திலும் அமைகிறது. பீரங்கிக்கு எதிரே மண்சுவர் நின்றதும், இடித்த சுவரை ஊரார் மீண்டும் எழுப்பியதும் பாளையத்துப் போரின் தனித்தன்மைகள். மண் சுமந்தோரின் உழைப்பு திரையில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, கதையின் எல்லை. நாயகன் 1799இல் இறந்தமையால் படமும் அங்கேயே முடிகிறது. ஊமைத்துரை படத்தில் தம்பியாகத் தோன்றுகிறாரேயன்றி 1801ஆம் ஆண்டுப் போரின் தலைவராகத் தோன்றவில்லை. அதே மே மாதத்தில் வெளிவந்த, கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ மருது சகோதரர்களின் கதையைச் சொன்னது. ஆயினும் மக்கள் நினைவில் நிலைத்தது கட்டபொம்மன் படமே. பாளையக்காரர், மருது சகோதரர், திண்டுக்கல் கோபால நாயக்கர் எனப் பலர் இணைந்த எழுச்சியைக் கே. ராஜய்யன் 1971இல் தம் ஆய்வு நூலில் விரிவாக நிறுவினார். கல்விப்புல ஆய்வு அங்குச் செல்லுமுன்பே திரைப்படம் தனிநாயக வரலாற்றை நிலைநாட்டியிருந்தது.

இதன் தாக்கம் திரையோடு நிற்கவில்லை. கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பியவர் அவ்வேடத்தில் நடித்த சிவாஜி கணேசனே. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு நினைவுக்கோட்டை ஒன்றை அமைத்தது. மண்கோட்டையின் எச்சங்களுக்கு அருகே அது நிற்கிறது.

முடிவுரை

பந்துலுவின் படத்தை வரலாற்றுப் பிழையென ஒதுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று; குடியேற்ற ஆட்சிக்கு எதிரான உணர்வை அது பரவலாக்கியமை மறுக்கத்தக்கதன்று. ஆயினும், பெருந்திரளைக் காட்டுவதாகத் தோன்றும் போர்க்காட்சி உண்மையில் அத்திரளை நாயகனின் பின்புலமாக்கிவிடுகிறது என்பது தெளிவாகிறது. ‘பொன்னியின் செல்வன்’ (2022, 2023) படங்களின் பகுதிகளும் மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா முதலிய இடங்களில் படமாக்கப்பட்டமை, நிலத்தை இடம்பெயர்க்கும் வழக்கம் தொடர்வதை உணர்த்துகிறது. கணினி வரைகலையால் படையின் அளவைப் பெருக்குவது இன்று எளிது. மண்சுவரின் பின் நின்றவர் யாவர் என்னும் வினாவுக்கு அளவு மட்டும் விடையாகாது. தமிழ்த் திரைப்போர்களை நிலம், கருவி, உழைப்பு என்னும் மூன்று அளவுகோல்களால் மதிப்பிடும் விரிவான ஆய்வுகள் இனி மேற்கொள்ளத்தக்கன.